மணி அடிக்கும் முன் பிள்ளைகள் பசியாறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சி பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களை நான் விடாமல் படித்து வருகிறேன். ஆசிரியர் போதவில்லை, கைப்பேசி கெடுக்கிறது, பெற்றோருக்கு அக்கறை இல்லை, டியூஷனுக்கு வசதி இல்லை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். சரி, எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளை காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டு நான் படிக்கவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 14 வருடம் கேண்டீன் நடத்தினேன். வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். வகுப்பறைக்குப் போகும் முன் பிள்ளை எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

நம் ஊரில் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் வார்த்தையே "பசியாறியாச்சா?" என்பதுதான். ஏழு மணிக்கு கேண்டீன் ஜன்னல் பக்கம் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் நானும் அதைத்தான் கேட்பேன். "தேத்தண்ணி குடிச்சேன்" என்று ஒன்று சொல்லும். "ரெண்டு பிஸ்கட்" என்று இன்னொன்று. "அம்மா காசு கொடுத்திருக்காங்க, ஓய்வு நேரத்துல வாங்கிக்குவேன்" என்று பெரிய பிள்ளைகள் சொல்வார்கள். பலது பதில் சொல்லாமல் அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் காலை பத்து மணி ஓய்வு நேரம் வரைக்கும் காத்திருந்தால் 14 மணி நேரம் ஆகிறது. பெரியவர்கள் நாம் அப்படி இருந்துவிட்டு ஒரு பாரம் பூர்த்தி செய்யச் சொன்னால் எத்தனை தப்பு விடுவோம்? ஏழு வயதுப் பிள்ளையை மலாய் வாக்கியமும் பெருக்கல் கணக்கும் செய்யச் சொல்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே சிலர், "அம்மா கொஞ்சம் முன்னால் எழுந்து சமைத்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. தோட்டத்தில் வேலை செய்யும் தாய் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும் முன் சோறு ஆக்கி, குழம்பு வைத்து, வீட்டுக்காரருக்கும் தனக்கும் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகிறாள். வீட்டில் சோறு இருக்கிறது. ஆனால் ஐந்தேகால் மணிக்கு இருட்டில் எழுப்பி உட்கார வைத்த பிள்ளைக்கு வாயில் சோறு இறங்காது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பசியே எடுக்காது, வற்புறுத்தினால் வாந்தி எடுக்கும். எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வயிறு கேட்க ஆரம்பிக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளை பள்ளி வாசலில் நிற்கிறது. ஆக, தாய் மேல் குற்றமே இல்லை, நேரம்தான் அப்படி அமைந்திருக்கிறது.

முன்பு இது இவ்வளவு கஷ்டமாக இல்லை. பள்ளிக்கூடம் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, பிள்ளை ஆறே முக்காலுக்கு எழுந்து ஓடி வந்துவிடும். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில் எங்களை ஆயாக் கொட்டகையில்தான் விட்டுவிட்டுப் போவார், அங்கே ஆயா ஒரு மங்கில் ஏதாவது ஊற்றிக் கொடுத்துப் பசியாற வைத்த பிறகுதான் விளையாடவே விடுவார். அப்புறம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, ஆட்கள் டவுனுக்கும் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கும் போய்விட்டார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு எங்கள் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் வேனில் வருகிறவர்கள். வேன்காரர் நாலு தாமான் சுற்றி எல்லாரையும் ஏற்ற வேண்டும் என்பதால் முதலில் ஏறும் பிள்ளை ஆறு மணிக்கே வேனில் இருக்கும். அந்தப் பிள்ளைதான் வெறும் வயிற்றோடு அதிக நேரம் இருக்கிற பிள்ளையும். என் ஜன்னல் பக்கம் முதலில் வந்து நிற்பதும் அதுதான்.

கேண்டீன்காரிக்கு மட்டும் தெரிகிற சில விஷயங்கள் உண்டு. திங்கட்கிழமை எவ்வளவு சமைத்தாலும் போதாது. வெள்ளிக்கிழமை அதே அளவு சமைத்தால் பானையில் மிஞ்சும். ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை, திங்கட்கிழமைச் சமையல் ருசியாக அமைந்துவிடுகிறது போல என்று நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சில வீடுகளில் சாப்பாடு ஒழுங்காக இல்லை என்பதைப் பிள்ளைகளோடு பேசிப் பேசித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு திங்கட்கிழமைக்கு ஒரு கிலோ அரிசி கூடுதலாகப் போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதே மாதிரி மாதத்தில் சம்பளத்துக்கு முந்திய வாரம் இருக்கிறதே, அந்த வாரம் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள்கூட நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்க மாட்டார்கள், ஐம்பது காசுக்குக் குருப்போக் அப்பளமோ ஐஸ் தண்ணியோ வாங்கிக்கொண்டு போவார்கள். சம்பளம் போட்ட மறுநாள் எல்லாரும் கோழி கேட்பார்கள். என் கல்லாப் பெட்டியைப் பார்த்தே தோட்டத்தில் எத்தனை வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு இது ஒவ்வொரு மாதமும் நடந்தது.

இப்போது ஆர்.எம்.டி. விஷயத்துக்கு வருகிறேன். ரஞ்சாங்கான் மாக்கானான் தம்பாஹான், அதாவது கூடுதல் உணவுத் திட்டம், 1970களின் இறுதியிலிருந்து நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் இருக்கிறது. 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. நல்ல திட்டங்கள், இவற்றால் வளர்ந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் குறை சொல்ல வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நீண்ட காலம் இரண்டரை வெள்ளிதான் (ரிங்கிட்) கொடுத்தார்கள், அதற்குள் முட்டையோ கோழியோ, காய், பழம் எல்லாம் அடக்க வேண்டும், அப்புறம் அதையும் உயர்த்தினார்கள். எனக்கு இருக்கும் மனக்குறை இரண்டே இரண்டு. ஒன்று, அது பெயர்ப்பட்டியலை வைத்துப் போடும் சாப்பாடு. இரண்டு, நான் பார்த்த வரைக்கும் அது பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் பிள்ளையின் கைக்குப் போகிறது, அதற்குள் அன்றைய பாடத்தில் பாதி முடிந்துவிடுகிறது.

பட்டியல் என்றால் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் பெயர் எடுப்பார்கள். காகிதத்தில் அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் செம்பனைக் காய் வெட்டுகிறவருக்கு மாதாமாதம் ஒரே சம்பளமா வருகிறது? காய் அதிகம் விழும் மாதத்தில் கை நிறைய வரும், காய் குறைந்த மாதத்திலும் மழை மாதத்திலும் பாதிதான். இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு பையனை மறக்கவே முடியாது. அவன் அப்பா பாரத்தோடு இணைத்தது நல்ல சீசன் மாதத்துச் சம்பளச் சீட்டு. வீட்டில் ஐந்து பிள்ளைகள், பாட்டியும் உண்டு. பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. தினமும் முதல் வேனில் வந்து ஜன்னல் பக்கம் நிற்பான், எதையும் கேட்க மாட்டான், நெத்திலிச் சம்பல் வாசத்துக்கு மூக்கை மட்டும் இழுப்பான். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டான் என்று தெரிந்ததால், "கண்ணு, அந்த நாற்காலியை எல்லாம் எடுத்துப் போடு, அப்புறம் வா" என்பேன். போட்டு முடித்ததும் ஒரு தட்டில் மீகூனும் (அரிசி சேமியா) அவித்த முட்டையும் வைத்துக் கொடுப்பேன். இரண்டாவது பாடத்துக்குள் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவான் என்று அவனைப் பற்றி வகுப்பாசிரியை முன்பு வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தவணை முடிவதற்குள் அவரே வந்து, "அக்கா, இவன் இப்போது தூங்குவதே இல்லை, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவன் ஒன்றும் முதல் மாணவன் ஆகிவிடவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் தூங்காமல் உட்கார்ந்தான், ஏழாம் வாய்ப்பாடு சொன்னான், ஆசிரியையிடம் கேள்வி கேட்டான். அதுவே பெரிசுதானே.

பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேதனை உண்டு. சாப்பாடு ஒரு பக்கத்து மேசையில், காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள் வேறு பக்கத்தில். "அது ஆர்.எம்.டி. மேசை" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஐந்தாம் ஆண்டுக்கு வந்த பெண் பிள்ளை ஒருத்தி திடீரென்று ஒவ்வொரு நாளும் வயிறு வலிக்கிறது என்று சொல்லிச் சாப்பிடாமல் விட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, தோழிகள் எதிரில் அந்த மேசையில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. பத்து வயதில் பிள்ளை மானத்துக்குப் பயந்து பசியை அடக்குகிறது, நாம் அதைப் பார்த்துக்கொண்டு தட்டை எண்ணிக் கணக்கு எழுதுகிறோம். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வறுமைக் கோடு என்று அரசாங்கம் சொல்லும் மாதக் குடும்ப வருமானத் தொகையே 980 வெள்ளியாக இருந்து 2020இல்தான் 2,208 வெள்ளிக்கு மாறியது. நேற்று வரைக்கும் ஏழை இல்லை என்று கணக்கில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் ஏழை ஆனார்கள் என்றால், அவர்கள் வீட்டுப் பிள்ளையின் வயிறு முந்தின நாள் மட்டும் நிறைந்தா இருந்தது? எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு ஐம்பது வெள்ளி மேலே ஒரு குடும்பம் இருக்கும். 2019இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவு என்று கல்வி அமைச்சு அறிவித்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா, கூடுதலாக ஆள் வைக்க வேண்டுமே என்று கணக்கெல்லாம் போட்டேன். அறிவித்த மாதிரி எல்லாருக்கும் அது வரவில்லை. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளியையே மூடிவிட்டார்கள். அப்போதுதான் நிறையப் பேருக்குத் தெரிந்தது, சில பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒழுங்கான ஒரே சாப்பாடு பள்ளியில் கிடைத்ததுதான் என்று.

நான் சொல்வது வெறும் சமையல்காரியின் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக என் மகளிடம் கேட்டு எழுதுகிறேன், அவள் கிளினிக்கில் தாதியாக இருக்கிறாள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. ஐந்தில் ஒரு பிள்ளை. அதே ஆய்வில் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இது இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று நான் கேட்டேன். முடியும் அம்மா, ஒரே வீட்டில்கூட இருக்கும் என்றாள். மலிவாகக் கிடைப்பது சீனியும் மாவும் எண்ணெயும்தான், வயிறு நிறைகிறது, உடம்பு வளர்வதற்கு வேண்டிய புரதமும் இரும்பும் கிடைப்பதில்லை. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெஃப் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 22 விழுக்காடு, எடை கூடியவர்கள் 23 விழுக்காடு. தோட்டத்தை விட்டுப் போன நம் ஆட்கள் எத்தனை பேர் அந்த மாதிரி அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீடுகளில் பிள்ளைக்குக் காலையில் கொடுக்கும் தேத்தண்ணி இருக்கிறதே, அதில் உள்ள ஒரு பொருள் கீரை, பருப்பு, தானியம் இவற்றில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். இரும்பு குறைந்தால் ரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்து போகும், கவனம் நிற்காது. நாமோ சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அதுவும் பல வீடுகளில் சாப்பாட்டுக்குப் பதிலாகவே தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று அடிக்கிறோம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு மாதிரிப் பழத்தைச் சாப்பாட்டோடு கொடுத்தால் அதற்கு நேர்மாறாக இரும்பு நன்றாகச் சேரும். கொய்யாவும் பப்பாளியும் நம் தோட்டத்து வீடுகளில் வேலியோரமாகவே காய்க்கிறது.

ஜமைக்கா நாட்டில் கிராமத்துப் பள்ளிகளில் செய்த ஒரு ஆய்வைப் பற்றியும் அவள் படித்துக் காட்டினாள், 1998இல் வெளிவந்தது. 16 பள்ளிகளில் 800க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஒரு பள்ளி ஆண்டு முழுக்க தினமும் காலை உணவு. மீதிப் பேருக்கு ஆளுக்குக் கால் ஆரஞ்சு, ஆனால் அதே அளவு கவனிப்பு. ஆண்டு முடிவில் காலை உணவு சாப்பிட்டவர்கள் உயரத்திலும் எடையிலும் கொஞ்சம் கூடியிருந்தார்கள், பள்ளிக்கு வருவது கூடியிருந்தது, கீழ் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் வித்தியாசம் இருந்தது. கீழ் வகுப்பு, கணக்கு என்றதும் எனக்கு நாற்காலி அடுக்கிய அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஆரம்பித்தது, அப்போது நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தார். காமராசர் 1956இல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார், கலைஞர் ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை, 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். 2024இல் கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல், எல்லாம் சாம்பாரோடு. காமராசர் காலத்திலிருந்து கட்சி மாறினாலும் சாப்பாடு நிற்கவில்லை, ஒவ்வொருவரும் முன்னவர் வைத்த தட்டில் இன்னும் ஒன்றைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார்கள். மதியம் சோறு போடுகிறோமே போதாதா என்று இருந்துவிடாமல், காலையில் வெறும் வயிறு என்று கண்டுபிடித்துக் காலையிலும் போட்டார்கள் பாருங்கள், அதுதான் நாம் பார்த்துச் செய்ய வேண்டியது. இன்னொன்று, அங்கே காலை உணவுக்கு உன் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்று பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பள்ளியில், அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளை என்றால் தட்டு உண்டு. பின்லாந்திலும் 1948இலிருந்து மதியச் சாப்பாடு அப்படித்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு.

சாப்பாடு போட்டால் மட்டும் போதாது, எதைப் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சோசேஜ், நக்கெட், கலர் தண்ணி, சீனி அதிகம் போட்ட பாக்கெட் பால் இதையெல்லாம் சத்துணவு என்று எழுதிவிட முடியாது. பொரிப்பது சுலபம், பிள்ளையும் கேட்கும், ஆட்களும் குறைவு, அதனால் கேண்டீன்காரர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள், எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை வந்தது உண்மை. என் அனுபவத்தில் பிள்ளைகள் தட்டைக் காலி செய்தது முட்டையும் சாவிக் கீரையும் (கடுகுக் கீரை வகை) போட்டுப் பிரட்டிய மீகூன், நெத்திலிச் சம்பலும் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் வைத்த சோறு, இட்லிக்குக் கெட்டியான பருப்புச் சாம்பார், தேங்காய் போட்டுத் தாளித்த கடலை, இவற்றைத்தான். எங்கள் பாகான் டத்தோ மாவட்டத்தில் தேங்காய்க்கா பஞ்சம்? கீரையைத் தனியாக வைத்தால் ஒதுக்குவார்கள், முட்டையோடு அடித்துப் பொரித்து நறுக்கி வைத்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்கள். முருங்கைக் கீரையை முதலில் மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தவர்கள் இரண்டு மாதத்தில் அது இல்லாத நாளில் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நாக்கு பழகுவதற்கும் அது ஒரு வயது, அதை விட்டால் பிறகு பழக்குவது கஷ்டம்.

காசு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 60 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியில் 35 பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிறது. மீதி 25 பேர். ஆளுக்கு நாலு வெள்ளி என்று கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி, 190 பள்ளி நாளைக்கு 19,000 வெள்ளி. ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாச் செலவு என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். நான் சாமிக்குச் செய்வதைக் குறைக்கச் சொல்லவில்லை, மூன்று நாள் அன்னதானம் போடுகிற நாம் அதில் ஒரு பங்கைப் பள்ளிப் பிள்ளைகளின் காலை அன்னதானமாக வைக்கலாமே என்றுதான் கேட்கிறேன். தோட்டக் கம்பெனிகளும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி உழைத்த மண். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் நிதியும் உண்டு, பள்ளிக்குக் கணினி வாங்கித் தருகிறார்கள், பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள், அதெல்லாம் வேண்டியதுதான், ஆனால் கணினி முன் உட்காரும் பிள்ளைக்கு வயிற்றில் ஏதாவது இருக்கட்டும்.

எல்லாருக்கும் சாப்பாடு என்று வந்தால் கேண்டீனும் பிழைக்கும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்னப் பள்ளியில் கேண்டீன் எடுக்க ஆளே வருவதில்லை, ஏனென்றால் 60 பிள்ளையில் பாதிப் பேருக்குச் சமைத்து, மீதிப் பேர் ஐம்பது காசுக்கு வாங்கினால் எரிவாயுச் செலவுகூடக் கட்டாது. பட்டியல் சாப்பாட்டுக்கான பணமும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. எனக்கு ஒரு வருடம் ஆரம்ப மாதங்களில் பணம் வரவே இல்லை, கடையில் கடன் சொல்லி அரிசி, முட்டை வாங்கித்தான் சமைத்தேன், என் வளையலை அடகு வைத்தேன். யார் மேல் தப்பு என்று கிளற இப்போது விருப்பம் இல்லை. ஆனால் அப்படித் தாமதமாகும் போதெல்லாம் தட்டில் முட்டை பாதியாகும், கோழித் துண்டு சின்னதாகும் என்பது உண்மை. நான் அப்படிச் செய்யவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன், ஆனால் செய்தவர்களை என்னால் திட்டவும் முடியவில்லை. கேண்டீன்காரருக்கு மாதம் முடிந்ததும் பணம் கைக்கு வந்தால் பிள்ளையின் தட்டு நிறையும், அவ்வளவு நேரடியான தொடர்பு இது.

அதனால் நான் கேட்பது இதுதான். 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளிகளில் பட்டியலை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மேசையில் சாப்பாடு போட கல்வி அமைச்சு முன்வரட்டும், தமிழ்ப்பள்ளி மட்டும் இல்லை, கம்பத்து (கிராமத்து) தேசியப் பள்ளிப் பிள்ளைக்கும், ஓராங் அஸ்லி பூர்வகுடிப் பிள்ளைக்கும், சீனப் பள்ளிப் பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதான். அது வரும் வரைக்கும் காத்திருக்காமல் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் உட்கார்ந்து பேசி, இருக்கிற சாப்பாட்டையே ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரோடு சேர்ந்து பார்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கேண்டீன்காரர் ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும், இரண்டு ஆசிரியர் முறை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்க வேண்டும், வேன்காரர் ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஆசிரியர்களும் அந்த மேசையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால் இன்னும் நல்லது, தரம் தானாக ஏறும், "ஆர்.எம்.டி. மேசை" என்ற பேச்சும் போய்விடும். பிறப்புப் பத்திரச் சிக்கலால் எந்தப் பட்டியலிலும் வராத பிள்ளைகள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள், வகுப்பில் உட்கார இடம் கொடுத்த பிள்ளைக்குத் தட்டும் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காலையில் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். வெதுவெதுப்பாகப் பால் கொடுங்கள், முடியாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். பையில் ஒரு அவித்த முட்டையோ வாழைப்பழமோ வைத்து அனுப்புங்கள், வேனில் சாப்பிடட்டும், வேன் அழுக்காகிறது என்று வேன்காரர் கோபித்தால் நாம் போய் பேசிக்கொள்ளலாம்.

நான் கேண்டீனை விட்டு மூன்று வருடம் ஆகிறது, முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடிவதில்லை. ஆனால் இரண்டு பெரிய அலுமினியப் பானைகள், இட்லிச் சட்டி, அறுபது தட்டுகள் எல்லாம் இன்னும் என் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கின்றன, நான் யாருக்கும் விற்கவில்லை. இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையில் போடுவது என்று முதலில் முடிவெடுக்கிறதோ அந்தப் பள்ளிக்கு அவற்றை அப்படியே கொடுத்துவிடுகிறேன். முதல் ஒரு மாதம் காலை ஐந்து மணிக்கு நானும் வந்து, உட்கார்ந்தாவது காய் நறுக்கிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமைக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பதையும் அப்போது சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
முன்னாள் கேண்டீன்காரி, வாசகி
ஊத்தான் மெலிந்தாங், பேராக்